கூட்டத்தில் எழுந்து பேசும் சிங்களம்

கலேவெலயில் தமிழ் பேசுகிறவர்களுக்குச் சிங்களம் படிப்பிக்கிறேன் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். "இங்க யாருக்குச் சேர் சிங்களம் தெரியாது?" நியாயமான கேள்விதான். குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குப் போகிற ஏ6 வீதியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி, மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றும் பையன், பெரிய வெங்காயம் போட்டுத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டுபோகும் நானா எல்லோரும் சிங்களத்தில்தான் விலை பேசுகிறார்கள், கடன் கேட்கிறார்கள், வேண்டிவந்தால் சண்டையும் பிடிக்கிறார்கள். குரலை மட்டும் கேட்டால் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியாது.

அதே நானா கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்குப் போனால் பின்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். வாய்க்காலில் தண்ணீர் கடைசி வயலுக்கு வந்து சேர்வதில்லை என்பது அவருடைய பிரச்சினை. ஆனால் அதை எழுந்து சொல்வது பக்கத்து வயல்காரராக இருக்கும். "நீங்களே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டால், "அந்தச் சிங்களம் நமக்கு வராது" என்பார். அந்தச் சிங்களம் எது என்று தேடப் போய்த்தான் இந்தத் தொழில் எனக்குப் பிடித்துப்போனது.

பள்ளிக்கூடத்து இரண்டாம் மொழிப் பாடம் இதற்குச் சொற்பட்டியல் தரும். வறுமை, வேலையின்மை, சூழல் மாசு, போதைப்பொருள், சீதனம். பட்டியல் தேவைதான், ஆனால் அதில் பாதி நமக்கு ஏற்கெனவே தெரியும். வடமொழிச் சொற்களைச் சிங்களமும் எடுத்தது, தமிழும் எடுத்தது. சமாஜ, பிரஷ்ன, நீதிய, சேவாவ என்று எழுதிப் போட்டால் வகுப்பில் ஒருவரும் விளக்கம் கேட்பதில்லை. கேட்காமல் விடுவதில்தான் கண்ணி இருக்கிறது. 'மேக்க அசாதாரணயி' என்று சிங்களவர் கூட்டத்தில் சொன்னால் 'இது அநியாயம்' என்று பொருள். தமிழ்க் காதில் அது 'வழக்கத்துக்கு மாறானது' என்று விழும். குற்றச்சாட்டு வெறும் வியப்பாகப் போய்விடும். இப்படி ஒரு பத்துப் பன்னிரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டினால் பட்டியல் வேலை முடிந்தது. மிச்சம் முழுவதும் வினைச்சொல்லில் கிடக்கிறது.

தமிழில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். கட்டு உடைந்தது, கட்டை உடைத்தார்கள். சிங்களத்திலும் இந்த இரட்டை உண்டு. 'வெவ் பெம்ம கெடுணா' என்றால் குளக்கட்டு உடைந்தது. 'வெவ் பெம்ம கெடுவா' என்றால் யாரோ உடைத்தார்கள். தமிழில் இந்தச் சோடி சில வினைகளுக்குத்தான் உண்டு. சிங்களத்தில் ஏறக்குறைய எல்லா வினைக்கும் உண்டு. சொல்வதற்குக்கூட. 'மம கிவ்வா' என்றால் நான் சொன்னேன். 'மட்ட கியவுணா' என்றால் வாய்தவறி வந்துவிட்டது. 'மட்ட எண்டுணா' என்றால் என்னை அறியாமல் அழுகை வந்தது. மனிதன் நினைத்துச் செய்ததா, அவனை மீறி நடந்ததா என்பதை அந்த மொழி ஒவ்வொரு வினையிலும் கேட்கிறது. நடுவில் இன்னொரு படியும் உண்டு. 'மகே அதின் கெடுணா' என்றால், என் கையால்தான் உடைந்தது, ஆனால் நான் வேண்டுமென்று உடைக்கவில்லை. நாம் 'கைதவறி' என்போமே, அது.

கடையில் இதெல்லாம் பெரிதாகத் தேவைப்படாது. சாமான் உடைந்தால் யார் காசு தருவது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பொதுப் பிரச்சினை பேசும்போது நிலைமை வேறு. வாய்க்கால் அடைபட்டதா, அடைத்தார்களா? காடு அழிந்ததா, அழித்தார்களா? பெயர் பட்டியலில் விடுபட்டதா, வெட்டினார்களா? வினை மாறினால் வழக்கே மாறிவிடும்.

இதை வகுப்பில் காட்ட நான் எடுக்கும் உதாரணம் கொஞ்சம் கடினமானது. பெண்கள் மட்டும் இருக்கும் வகுப்பில்தான் அதை எடுப்பேன். கணவன் அடித்ததைப் பொலிஸில் முறையிடப் போகிறாள் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். 'எயா மட்ட கெஹுவா' என்றால் அவர் என்னை அடித்தார். 'மட்ட கெஹுணா' என்றால் எனக்கு அடிபட்டது. இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் ஓர் எழுத்து, 'வா'வும் 'ணா'வும். வீட்டில் நாம் வெட்கத்தோடு பேசும் பேச்சு 'அடிபட்டுட்டு' என்பதுதான். அந்த நினைப்பிலேயே சிங்களத்துக்குப் போனால் நாக்கில் 'கெஹுணா' வந்து நிற்கும். எழுதுகிறவர் அதைக் கேட்டபடியே எழுதினால், கதவில் இடித்துக்கொண்டவளுக்கும் இவளுக்கும் வாக்குமூலத்தில் வித்தியாசம் இராது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்புக் கட்டளை கேட்கும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமையைக் கேட்கும் வாக்கியத்தில் செய்தவன் இருக்க வேண்டும். இதைச் சொல்லி 'எயா மட்ட கெஹுவா' என்று எல்லோரையும் சத்தமாகச் சொல்லச் சொல்வேன். முதலில் குரல் எழும்பாது. பயப்படுவது சிங்களத்துக்கல்ல, வாக்கியத்துக்கு என்று அப்போது விளங்கும். தமிழிலும் அந்த வாக்கியத்தை அவர்கள் சொல்லிப் பழகியிருக்க மாட்டார்கள்.

வன்முறையில் இப்படி என்றால் அரச கடிதத்தில் செய்தவர் மறைவது வேறு வழியில். 'தீரணய கரன லதீ' என்று எழுதுவார்கள், தீர்மானிக்கப்பட்டது. நமது அலுவலகத் தமிழும் அதே பாட்டைத்தான் பாடுகிறது: தீர்மானிக்கப்பட்டுள்ளது, நிராகரிக்கப்பட்டுள்ளது, அறியத்தரப்படுகிறது. எழுத்துச் சிங்களத்தில் செய்தவரைச் சொல்ல 'விசின்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'அமாத்யாங்ஷய விசின்' என்றால் அமைச்சினால். ஆனால் கடிதங்களில் அது பெரும்பாலும் விடுபட்டுவிடும். ஆகவே அறிவித்தல் ஒன்றைக் கையில் எடுத்தால் முதல் பயிற்சி இதுதான்: 'விசின்' இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் கேள்வி கேள். 'தீரணய களே கவுத?' தீர்மானித்தது யார்?

அந்தக் கேள்வியின் கட்டமைப்பைத் தமிழர் சுலபமாகப் பிடிப்பார்கள். சிங்களத்தில் ஒன்றை அழுத்திக் கேட்கவோ சொல்லவோ வினையின் கடைசியை 'ஏ'காரமாக மாற்ற வேண்டும். தமிழில் 'தீர்மானித்தார்கள்' என்பது 'தீர்மானித்தது' ஆகி, 'யார்' கடைசியில் போய் நிற்பது போலத்தான் இதுவும். 'அபி இல்லன்னே வத்துர' என்றால், நாங்கள் கேட்பது தண்ணீர். 'அபி வத்துர இல்லனவா' என்றாலும் செய்தி ஒன்றுதான், ஆனால் முதல் வாக்கியம் மேசையில் தட்டிச் சொன்ன மாதிரி இருக்கும். கூட்டத்தில் பேசுகிறவருக்கு இந்த ஒரு வடிவம் கைவந்தால் போதும், பேச்சுக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

2023இல் சமுர்த்தி உதவியின் இடத்துக்கு அஸ்வெசும வந்தபோது இந்தப் பாடத்துக்குத் திடீரென்று தேவை கூடியது. பட்டியல் வந்தது. பெயர் வராதவர்கள் மேன்முறையீடு செய்யலாம், தகுதியில்லாதவர் பெயர் இருந்தால் மற்றவர்கள் ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்றார்கள். சிங்களத்தில் 'அபியாசனா', 'விரோததா'. படிவம் தமிழிலும் நிரப்பலாம். ஆனால் பிரதேச செயலகத்தில் வரிசையில் நிற்கும்போது நடக்கும் பேச்சு பெரும்பாலும் சிங்களம். "என் பெயர் இல்லை" என்று சொல்ல எல்லோருக்கும் தெரியும். "எந்தக் கணக்கில் என்னை விலக்கினீர்கள்?" என்று கேட்கத்தான் இலக்கணம் வேண்டியிருந்தது. குரலை உயர்த்தாமல், 'மிஸ்', 'மாத்தயா' என்ற மரியாதை விளி குறையாமல் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். மரியாதை விளியில் இருக்கட்டும், கேள்வி வினையில் இருக்கட்டும் என்பேன்.

யார் செய்தது என்று கேட்பது பாதி. நமக்கு எப்படித் தெரியும் என்று சொல்வது மறுபாதி. 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, அந்த நவம்பரிலேயே அரசாங்கம் பின்வாங்கியது. இடைப்பட்ட மாதங்களில் இந்தப் பக்கத்துத் தேநீர்க்கடைகளில் ஓடிய மொழி முழுவதும் 'லு'. 'பொஹொர எனவலு', உரம் வருதாம். 'தென்னே நேலு', தரமாட்டார்களாம். சிங்களத்தின் 'லு'வும் தமிழின் 'ஆம்' விகுதியும் ஒரே வேலையைச் செய்கின்றன: கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறேன், பொறுப்பு என்னுடையதல்ல. தேநீர்க்கடைக்கு அது நல்ல நாகரிகம். கூட்டத்தில் எழுந்து 'உரம் பதுக்குறாங்களாம்' என்றால், யார் சொன்னது என்று திருப்பிக் கேட்பார்கள். அங்கே 'லு'வைக் கழற்றிவிட்டு, நான் பார்த்தது இது, இன்னார் எனக்குச் சொன்னது இது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வதந்தி பரவிய நாட்களில் இந்தப் பிரதேசங்கள் என்ன பாடுபட்டன என்று தெரிந்தவர்களுக்கு, ஒரு விகுதியைப் பார்த்துப் போடச் சொல்வதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

சிறுநீரக நோயைப் பேசுவதற்கு அதைவிட நுணுக்கம் வேண்டும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னும் தீர்க்கமாகத் தெரியாத அந்த நோயைப் பற்றி உலர் வலயத்தில் ஆளுக்கொரு தீர்ப்பு உண்டு. தண்ணீர் என்பார்கள், கிருமிநாசினி என்பார்கள், வெயில் என்பார்கள். சிங்களத்தில் 'வத்துர நிசா' என்று சொன்னால் தண்ணீரால்தான் என்று முடிந்துவிடுகிறது. 'வத்துர நிசா வென்ன புளுவன்' என்றால் தண்ணீரால் இருக்கலாம். 'வத்துர நிசா வென்ன எதி' என்றால் தண்ணீரால்தான் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். மூன்றும் மூன்று கனம். சுகாதார உத்தியோகத்தர் முன்னால் எதைச் சொல்வது என்று தெரிந்தவரை அவர் உட்கார வைத்துப் பேசுவார். முதலாவதை மட்டும் தெரிந்தவரைத் திருத்தி அனுப்பிவிடுவார்.

சிங்களம் கொடுக்காத ஒன்றும் இருக்கிறது. தமிழில் நாம் என்றால் கேட்கிறவரும் உள்ளே, நாங்கள் என்றால் அவர் வெளியே. சிங்களத்தில் இரண்டுக்கும் 'அபி' ஒன்றுதான். சிங்களக் கிராமத்தில் சிங்களவர் 'அபி' என்று சொன்னால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. தமிழ் பேசுகிறவர் எழுந்து 'அப்பிட்ட வத்துர நே' என்றால், முஸ்லிம்களுக்குத் தண்ணீர் இல்லை என்கிறாரா, கடைசி வாய்க்கால்காரர் எல்லோருக்கும் இல்லை என்கிறாரா என்று கூட்டம் ஒரு நொடி யோசிக்கும். அந்த ஒரு நொடியில் தண்ணீர்ப் பிரச்சினை இனப்பிரச்சினையாகிவிடலாம். ஆகவே 'நாம்' என்ற பொருள் வேண்டும்போது வெளிப்படையாகக் கட்டிச் சொல்லப் பழக்குகிறேன்: 'மே எலே அபி ஒக்கொட்டம', இந்த வாய்க்காலில் இருக்கிற நம் எல்லோருக்கும். நமது நாக்கில் இயல்பாக இருக்கும் பிரிவை இன்னொரு மொழியில் கையால் கட்டிக் கொடுப்பது சிரமம்தான். ஆனால் கூட்டத்தில் என் மாணவர்கள் பேசுவதில் நான் முதலில் கவனிப்பது இதைத்தான்.

எழுத்துக்கு வருவோம். பேச்சுச் சிங்களத்தில் வினை ஆளைக் காட்டாது. மம யனவா, அபி யனவா, எயா யனவா. நானும் நாமும் அவரும் ஒரே வினையில் போகிறோம். அதனால்தான் கடைச் சிங்களம் நமக்கு இவ்வளவு சீக்கிரம் வருகிறது. எழுத்துச் சிங்களத்தில் ஆள் விகுதி திரும்பி வந்துவிடும்: மம யமி, அபி யமு. மனு எழுதும்போது 'இல்லா சிட்டிமி' என்றால் ஒருவர் கேட்டுக்கொள்கிறார், 'இல்லா சிட்டிமு' என்றால் பலர் சேர்ந்து கேட்டுக்கொள்கிறார்கள். சிங்களப் பிள்ளைகளே பரீட்சையில் தடுமாறும் இந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் தைரியமாக நடக்கிறார்கள். போகிறேன், போகிறோம் என்று பிறந்ததிலிருந்து விகுதி போட்டுப் பழகியவர்கள் அல்லவா. இரண்டு மொழியின் இலக்கணக்காரர்களும் முன்பிருந்தே ஒருவர் ஏட்டை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் சிங்கள இலக்கண நூலான 'சிதத் சங்கராவ'வில் நமது வீரசோழியத்தின் சாயலை அறிஞர்கள் காட்டுவார்கள்.

இந்த வேலை சிங்களத்துக்கு மட்டும் உரியதல்ல. ஸ்பானிய மொழியில் சமூகப் பிரச்சினைகளைப் பேசப் படிக்கிறவர்களும் சொற்பட்டியலைத் தாண்டியதும் வினையில்தான் வந்து முட்டுவார்கள். 'செ ரொம்பியோ' என்றால் உடைந்தது. 'செ மெ ரொம்பியோ' என்றால் என்னிடம் இருந்தபோது, என் கைதவறி உடைந்தது. நமது 'மகே அதின்' அங்கேயும் இருக்கிறது. கோரிக்கை வைக்க அவர்களுக்குத் தனி வினை வடிவமே உண்டு. விலையைக் குறைக்கிறார்கள் என்பதற்கு 'பாஹன்'; குறைக்க வேண்டுமென்று கோருகிறோம் என்னும்போது அது 'பாஹென்' ஆகிவிடும். உள்ளதைச் சொல்லும் வினை ஒன்று, உள்ளதாக வேண்டியதைச் சொல்லும் வினை வேறொன்று. ஓர் உயிரெழுத்தில் ஊர்வலம் நடத்துகிற மொழி!

இலங்கையில் இந்தப் பாடத்துக்கு ஒரு சட்டப் பின்னணி உண்டு, எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1956இன் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. 1991இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழு வந்தது. 2007இல் வந்த பொது நிர்வாகச் சுற்றுநிருபம் அரச சேவையில் சேர்பவர்கள் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. அதே ஆண்டு மொழிக் கல்விக்கென்று ஒரு தேசிய நிறுவகமும் சட்டத்தால் அமைந்தது. ஆகவே ஒரு தமிழர் அலுவலகத்தில் தமிழில் பேசிப் பதில் பெறுவது உரிமை. நான் சிங்களம் படிப்பிப்பது அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லி அல்ல. அலுவலகத்தில் தமிழ் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கமக்காரர் கூட்டத்தில் பக்கத்து வயல்காரரிடம் சுற்றுநிருபம் காட்ட முடியாது.

எதிர்த்திசையிலும் வகுப்புகள் நடக்கின்றன. தமிழ் படிக்கும் சிங்கள உத்தியோகத்தர்கள் முட்டும் இடங்கள் நமது இடங்களின் மறுபக்கம். வினைக்கு வினை விகுதி வேண்டும் என்பது அவர்களுக்குப் பெரும் சுமை. நாம், நாங்கள் என்ற பிரிவு முதலில் வீண் வேலையாகத் தோன்றும். எழுத்துத் தமிழைப் படித்து முடித்துவிட்டு வந்து ஊர்ப் பேச்சைக் கேட்டால் வேறு மொழி மாதிரி இருக்கிறது என்பார்கள். இதை முன்பே உணர்ந்து 1978இல் பேச்சுத் தமிழுக்கென்றே ஒரு பாடநூல் வந்தது. எழுதியவர்கள் மூவர்: அமெரிக்க மொழியியலாளர் ஜேம்ஸ் கெயர், யாழ்ப்பாணத்துச் சுசீந்திரராஜா, களனிப் பல்கலைக்கழகத்து டபிள்யூ. எஸ். கருணாதிலக. மூன்று தாய்மொழிக்காரர்கள் சேர்ந்து பேச்சுமொழிக்கு மரியாதை கொடுத்த அந்த முயற்சியை நினைத்தால் எனக்கு இன்றும் உற்சாகம் வரும்.

எனது வகுப்பு நடப்பது இப்படி. ஒரு பிரதேச சபை அறிவித்தல், ஒரு வானொலிச் செய்தி, ஒரு பத்திரிகைத் துணுக்கு, ஏதாவது ஒன்றை எடுப்போம். முதலில் வினைகளை மட்டும் கோடிடுவோம். செய்தவர் இருக்கும் வினை, இல்லாத வினை, கேள்விப்பட்ட வினை என்று பிரிப்போம். பிறகு அதே செய்தியை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும். யானை ஊருக்குள் வந்தது என்று ஒருவர், யானையின் பாதையில் நாம் வேலி போட்டோம் என்று மற்றவர். பிறகு இருவரும் சண்டை பிடிக்காமல் வாதாட வேண்டும். 'மகே அதஹச', எனது கருத்து. 'ஒயா கியன ஏக ஹரி, ஏத்', நீங்கள் சொல்வது சரி, ஆனால். 'ஏக்கட்ட மம எகங்க நே', அதற்கு நான் உடன்படவில்லை. கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு முகத்தில் சிரிப்பை வைத்திருப்பதும் பாடத்தில் ஒரு பகுதி.

இதில் எப்போது தேறினார்கள் என்று எப்படிச் சொல்வது? பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை. எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. கூட்டத்தில் என் மாணவர் பேசி முடித்ததும் பக்கத்திலிருப்பவர் 'ஹரி லஸ்ஸனட்ட சிங்ஹல கதா கரனவா', எவ்வளவு அழகாகச் சிங்களம் பேசுகிறீர்கள் என்று மெச்சினால், இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும் என்று அர்த்தம். அவர் கேட்டது உச்சரிப்பை, தண்ணீர்ப் பிரச்சினையை அல்ல. அதே ஆள் முகத்தைச் சுளித்து, "அது எப்படி? மேல் வாய்க்கால்காரருக்கும் வயல் இருக்கே?" என்று எதிர்க் கேள்வி போட்டால் பாடம் முடிந்தது. அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் மொழி இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. அதைப் பங்கிடுவது அவர்கள் பாடு.